ஆலாத்திட்டிக் காகம்

ஆலாத்திட்டியில் காகம் கிடையாது. மற்ற எதைச் சொல்வதற்கும் முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் காகம் இல்லாத இடமும் உண்டா என்று கேட்பீர்கள். கடலுக்குள் உண்டு. ஊர்காவற்றுறைத் துறையிலிருந்து மேற்கே படகை விட்டால், கரைப் பனைகள் கண்ணுக்கு மறைந்து கொஞ்ச நேரத்தில் ஒரு மணல்மேடு தெரியும். அதைத்தான் திட்டி என்கிறோம். மரம் இல்லை, கிணறு இல்லை. அடம்பன்கொடி மட்டும் தன்பாட்டில் படர்ந்து கிடக்கும். குடிதண்ணீரைப் பிளாஸ்டிக் கானில் கொண்டுபோக வேண்டும். மரமும் குப்பையும் இல்லாத இடத்தில் காகத்துக்கு என்ன வேலை?

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்குகிற காலத்தில் நாங்கள் சில குடும்பத்து ஆட்கள் அங்கே போய் வாடி போடுவோம். தென்னங்கிடுகுக் கொட்டில்கள், ஓர் அடுப்பு, மீன் வெட்டும் பலகை, அவ்வளவுதான். பிடித்த மீனை வெட்டி உப்புப் போட்டுக் கருவாடாக்கி, காற்று மாறும் மட்டும் அங்கேதான் சீவியம். நாங்கள் போய் இறங்கினால், பின்னாலேயே ஆலாக்களும் வந்து இறங்கும்.

ஆலாவைப் பற்றிக் கேட்டால் நான் வாயை மூட மாட்டேன். அதற்குப் பயந்தே என் மனைவி கேட்பதில்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளைப் பறவை. தலையில் கறுப்புத் தொப்பி, மஞ்சள் சொண்டு. கடலுக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்துக்கொண்டு நிற்கும், பிறகு கல்லுப்போல விழும். எழும்பும்போது சொண்டில் மீன் இருக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கடலில்தான் கிடக்கிறேன், இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிற வலை ஒன்றை நான் கண்டதில்லை. எங்கிருந்து வருகின்றன என்பது எனக்குத் தெரியாது. எத்தனை கடலைத் தாண்டியோ வந்து, வெறும் மணலில், கீழே ஒரு தும்புகூட வைக்காமல் புள்ளி போட்ட முட்டையை இட்டுவிட்டு, கொதிக்கிற வெயிலில் அதன்மேல் குந்தியிருக்கும். துணிச்சல் என்றால் எனக்கு அதுதான் துணிச்சல்.

இதில் ஒரு வேடிக்கையான புதினம் உண்டு. ஆள் போகாத திட்டிகள் எத்தனையோ கிடக்க, இவை எங்கள் கொட்டிலுக்குப் பக்கத்தில்தான் முட்டையிடும். கருவாடு காயப்போடுவதற்காக நாங்கள் கொடியை வழித்து மணலை வெளியாக்குவோம். ஆலாவுக்கு வேண்டியது அந்த வெளி மணல்தான். அதோடு ஆட்கள் நடமாடினால் பருந்து கீழே இறங்கப் பயப்படும். ஆக, துப்புரவாக்குவது நாங்கள், காவல் நாங்கள், காணிக்காரர் அவை. முதல் முட்டையைக் கண்டதும் எங்கள் வாடியில் வயதுக்கும் வாய்க்கும் மூத்தவரான மார்க்கண்டர், பழைய வலைக்கயிற்றை மிதப்புகளோடு இழுத்து வந்து அந்த வெளியைச் சுற்றிப் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு கயிற்றைத் தாண்டி ஒருவரும் கால் வைக்கக் கூடாது. கருவாடு பரணில் ஏறிவிடும். நாயைப் படகில் ஏற்றுவதே கிடையாது. எல்லாம் புண்ணியத்துக்கு என்று நினைக்க வேண்டாம். கடலில் ஆலா கூட்டமாகச் சுற்றுகிற இடத்தில்தான் மீன் இருக்கும். ஆலா இல்லாவிட்டால் நாங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு வலை போட வேண்டியதுதான்.

ஆலாவின் சுற்றலைப் பார்த்து எந்த மீன் என்றே சொல்லக்கூடியவன் குகதாசன். என்னுடைய படகுக் கூட்டாளி, என்னைவிட நல்லவன். நான் கத்துவேன், அவன் சிரிப்பான், படகு ஓடும். போன வருடம் ஒரு பின்னேரம், எனக்குக் காய்ச்சல் என்று சின்னப் படகில் தனியாக வலை எடுக்கப் போனான். காற்று திடீரென்று பிடித்துவிட்டது. படகு திட்டியின் மேற்குக் கரையில் கவிழ்ந்து ஒதுங்கியது. குகன் ஒதுங்கவில்லை. கடற்படையும் தேடியது, நாங்களும் தேடினோம். கடல் அவனைத் தரவேயில்லை.

இந்த வருடம் நாங்கள் வாடிக்குப் புறப்படுகிற அன்று அவனுடைய மனைவி உதயகலா உடுப்புப் பையோடு துறையில் வந்து நின்றாள்.

"நானும் வாறன் அண்ணை. சமைப்பன், கருவாடு போடுவன். எனக்கொரு பங்கு தாங்கோ" என்றாள்.

மார்க்கண்டர் அவளுடைய பையை வாங்கிப் படகில் வைத்தார். பங்குக்காக அவள் வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். வேலை முடிந்ததும் மேற்குக் கரையில் போய் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். உடம்பைக் காணாதவளுக்கு மனிதன் செத்துப்போனான் என்று யார் சொல்லி நம்பவைப்பது? நெற்றியில் பொட்டும் அப்படியே இருந்தது. நான் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. என்னுடைய வாய்க்கு அது பெரிய சாதனை.

குகன் போய் ஒரு வருடம் நிறைந்து, ஆட்டைத் திவசம் வந்தது. தொண்டைமானாற்றில் இருக்கிற அவளுடைய சொந்தக்காரர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்கள், வீட்டுக்கு வந்து முறையாகச் செய் என்று. அவள் மசியவில்லை.

"செய்யிறதெண்டால் இஞ்சைதான் செய்வன். அவர் வீட்டை வரேல்லை. வராத ஆளுக்கு வீட்டிலை இலை போட்டு என்ன செய்யிறது?"

விடியற்காலையில் எழுந்து, கடலில் குளித்து, அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தாள். மேற்குக் கரையில், கவிழ்ந்த படகைக் கண்ட இடத்தில், கரையிலிருந்து கொண்டுவந்த வாழையிலையில் படைத்துவிட்டுக் காகத்தைக் கூப்பிட்டாள்.

நான் வேதக்காரன். மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவதோடு என் சடங்கு முடிந்தது. ஆனால் சைவக்காரரோடு ஒரே படகில் ஆயுசு முழுக்கக் கிடந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா? காகம் வந்து சோற்றைத் தொட வேண்டும். தொட்டால் செத்தவர் ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். தொடும்வரை வீட்டில் ஒருவரும் சாப்பிடக் கூடாது. அதெல்லாம் சரி, திட்டியில் காகத்துக்கு எங்கே போவது?

அவள் கூப்பிட்டாள், கூப்பிட்டாள், தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த ஆலாக்கள் மேலே சுற்றிப் பார்த்தன. ஒரு கொக்கு வந்து இலையை எட்டிப் பார்த்துவிட்டு, மரக்கறி என்று கண்டதும் போய்விட்டது. வெயில் உச்சிக்கு ஏறியது. சோறு காய்ந்தது.

"அவருக்கு என்னிலை கோபம் அண்ணை," என்றாள் உதயகலா. "ஒரு வருசமா நான் ஒண்டும் செய்யேல்லை எண்டு கோபம்."

மார்க்கண்டர் எழும்பி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"டேய் கனிசியஸ், படகை இறக்கு. காகம் வராட்டி நாங்கள் போய்க் கொண்டு வருவம்."

"உமக்கு விசரே?" என்றேன்.

"பிள்ளை பட்டினி கிடக்குது. நீ படகை இறக்கு."

இறக்கினேன். துறைமுக மீன் சந்தையில் காகத்துக்குக் குறைவில்லை. மார்க்கண்டர் மீன் குடலைக் கொட்டிவிட்டு, சந்தைச் சனம் வாய் பிளந்து நிற்க, வீச்சுவலையைச் சுழற்றி எறிந்தார். கடலில் அப்படி ஒரு வீச்சு அவர் வீசி நான் பார்த்ததில்லை. ஒன்றே ஒன்று அகப்பட்டது. மிச்சக் காகங்கள் எல்லாம் திரண்டு வந்து எங்கள் தலையில் கொத்தின. ஓட்டமாய் ஓடிப் படகில் ஏறினோம். பிடித்ததைப் பனையோலைக் கடகப் பெட்டியால் மூடி, மேலே மார்க்கண்டர் குந்திக்கொண்டார். வழி முழுக்க நான் பகிடி பண்ணினேன், அவர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தார்.

பொழுது சாயும் முன் திட்டிக்கு வந்து, இலைக்குப் பக்கத்தில் கடகத்தைத் திறந்தோம். வலையில் சிக்கினதில் ஒரு சிறகு நோவெடுத்திருக்க வேண்டும், காகம் பறக்கவில்லை. நடந்து போய், எங்களை ஒரு பார்வை பார்த்து, இலையில் இருந்த சோற்றில் வாய் வைத்தது. பிறகு பருப்பில். பிறகு வடையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனது.

உதயகலா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த ஒரு வருடத்தில் அவள் அழுததை அன்றைக்குத்தான் கண்டேன். பிறகு எங்களோடு இருந்து வயிறாரச் சாப்பிட்டாள். பிடித்து வந்த காகம் சாப்பிட்டால் செல்லுமா செல்லாதா என்று நான் கேட்கவில்லை. மார்க்கண்டரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும்போல இருந்தது. ஆலாவின் நினைப்பு எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. முட்டை இன்னும் இட்டிருக்கவில்லை.

சிறகு சுகமானால் தானாகப் போய்விடும் என்று நினைத்தோம். ஏன் போகிறது? சந்தையில் நூறு காகத்தோடு அடிபட்டுத் தின்ன வேண்டும். இங்கே மீன் குடலுக்கு அது தனி முதலாளி. மத்தியானத்தில் உதயகலா முதல் பிடி சோற்றை, மேற்குக் கரையில் ஒரு பலகை போட்டு அதில் வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள். சிறகு சுகமாகி, நன்றாகப் பறந்து, அங்கேயே நின்றது. அவள் எங்கே போனாலும் பின்னால் போகும். தண்ணீர்க் கானைத் தூக்கினால் கானுக்குப் பின்னால், கருவாடு புரட்டினால் பரணுக்கு மேலே. அவளும் அதோடு கதைக்கத் தொடங்கினாள். சில நாள் சிரிப்புக்கூடக் கேட்டது. குகன் போனபிறகு இந்த மனுசி சிரிக்கிறாளே என்று எனக்கும் சந்தோசம்தான். காகத்தைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டேன்.

பிறகு ஆலாக்கள் முட்டையிட்டன. மார்க்கண்டர் கயிற்றைப் போட்டார்.

அடுத்த நாள் காலையில் கயிற்றுக்கு உள்ளே காகம் நடந்துகொண்டிருந்தது. ஊர் அதிகாரி விதானையார் காணி பார்க்க வந்த மாதிரி நிதானமாக, அங்கே ஒரு தரம் குனிந்து, இங்கே ஒரு தரம் குனிந்து. ஒவ்வொரு குனிவுக்கும் ஒரு முட்டை. ஆலாக்கள் என்ன சண்டை பிடித்தன தெரியுமா! தங்களைவிட எத்தனையோ மடங்கு பெரிய காகத்தின் தலையில், கீச்சென்று கத்திக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஒன்றாவது பின்வாங்கவில்லை. ஆனால் சந்தையில் வளர்ந்த காகத்துக்கு இதெல்லாம் தூசு. தலையைக் குனிந்துகொண்டு வேலையைப் பார்த்தது.

குடலை எல்லாம் ஆழக் குழி தோண்டித் தாட்டோம். பழஞ்சட்டை மாட்டி வெருளி கட்டினோம், அது வெருளியின் தலையிலேயே இருந்தது. கல் எறிந்தால், கல் விழுகிற தூரத்துக்கு ஒரு சாண் அப்பால் நின்று பார்க்கும். மார்க்கண்டர் வீச்சுவலையைக் கையில் எடுத்தாலே போதும், வானத்தில் நிற்கும். ஒருமுறை பட்டதை அது மறக்கவில்லை. முட்டை பறிகொடுத்த ஆலாக்களில் சில திரும்பவும் இட்டன. சில திட்டியை விட்டே போய்விட்டன. தப்பிய முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வெளியே வந்ததும் காகம் குஞ்சுக்கு மாறியது. எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் சில நாள் இப்படிப் போனால் மிச்சமும் போய்விடும். ஆலாக்கள் இனி இந்தத் திட்டிக்கு வராமலே விட்டாலும் விடும். கரைக்குப் போனபோது, றப்பர் வாரில் கல் வைத்து அடிக்கிற கெற்றப்போல் ஒன்று வாங்கி வந்தேன். சின்ன வயதில் என்னுடைய குறி தப்பாது.

காகம் மேற்குக் கரைப் பலகையில் இருந்தபோது இழுத்துப் பிடித்தேன். உதயகலா வந்து நடுவில் நின்றாள்.

"விலகு பிள்ளை."

"அடிக்கிறதெண்டால் அடியுங்கோ அண்ணை. பேந்து என்ரை முகத்திலை முழிக்காதேங்கோ."

"உது காகம். குகன் இல்லை. உனக்கு விளங்குதா?"

"எனக்கு விசர் எண்டு நினைச்சியளோ? காகமெண்டு எனக்குத் தெரியும். நீங்கள் சந்தையிலை பிடிச்சுக்கொண்டு வந்த காகம். ஆனா அவரின்ரை சோத்தைத் திண்டது அதுதான். அவருக்கும் எனக்கும் நடுவிலை இப்ப அது மட்டும்தான் இருக்குது."

கெற்றப்போலைக் கடலில் எறிந்துவிட்டு, மார்க்கண்டரைத் தேடிப்போய், அவருடைய யோசனையால் வந்த அழிவென்று அரை நாள் ஏசினேன். அவரும் நல்லாய்த் திருப்பி ஏசினார். அதனால் ஒரு குஞ்சும் பிழைக்கவில்லை.

இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மத்தியானம். உதயகலா வழக்கம்போலப் பலகையில் சோற்றை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். நான் பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். காகம் வந்தது. சொண்டில் ஓர் ஆலாக் குஞ்சு. மணல் நிறத்தில், பஞ்சுபோல, இன்னும் உயிரோடு. காகம் அதைச் சோற்றின்மேலேயே வைத்து, ஒரு காலால் மிதித்துக்கொண்டு, கொத்தத் தொடங்கியது. தாயும் தகப்பனுமாக இரண்டு ஆலாக்கள் துரத்திக்கொண்டு வந்து, உதயகலாவின் தலைக்கு மேலால், காதுக்குப் பக்கத்தால், விழுந்து விழுந்து எழும்பின. அவள் காகத்தைக் கலைக்க ஓடினாள். அதற்குள் முடிந்துவிட்டது.

காகம் போனபிறகும் அந்த இரண்டும் பலகைக்கு மேலே சுற்றிக்கொண்டேயிருந்தன. அவள் அண்ணாந்து அவற்றைப் பார்த்தபடி நின்றாள். நான் வலையையும் ஊசியையும் கீழே வைத்துவிட்டேன்.

"அண்ணை," என்றாள் கடைசியில். குரல் தெளிவாக இருந்தது. "நான் இஞ்சை நிக்கிறதாலைதான் இது நிக்குது."

"அது குடலுக்கு நிக்குது."

"குடலை எல்லாம் தாட்டாச்சுத்தானே. இது எனக்காண்டி நிக்குது. நான் வெளிக்கிட்டா வெளிக்கிடும். நாளைக்கு என்னைக் கரையிலை கொண்டுபோய் விடுங்கோ."

"பேந்து?"

"பேந்தென்ன? திரும்பி வந்தா அதுவும் பின்னாலை வரும். நான் இனி வரேல்லை."

அவளுடைய பங்கு பறிபோகவில்லை, அதை நாங்கள் கரையிலும் கொடுப்போம். ஆனால் இந்தக் கரையில் இருந்து கடலைப் பார்க்கிறதற்காகத்தானே அவள் வந்தாள். அதை விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறாள், யாரோ பெற்ற குஞ்சுகளுக்காக. நான் குகனைவிடக் கெட்டிக்காரனைக் கண்டதில்லை என்று சொல்லித் திரிந்தவன். அவன் வீட்டில் அவனையும் விஞ்சின ஒருத்தி இருந்திருக்கிறாள், எனக்குத்தான் தெரியவில்லை. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை, பானையைக் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த நாள் காலையிலேயே சோறு வடித்து, ஒரு துண்டு பொரித்த மீனும் வைத்துச் சட்டியில் எடுத்துக்கொண்டாள். உடுப்புப் பையைப் படகில் வைத்தாள். மேற்குக் கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். மார்க்கண்டர் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் படகைத் தள்ளிவிட்டார்.

அவள் படகின் முன்பக்க அணியத்தில் இருந்துகொண்டு சோற்றுச் சட்டியைக் கையால் தட்டினாள். காகம் கொட்டில் முகட்டில் இருந்து பார்த்தது. நான் இயந்திரத்தை மெதுவாக விட்டேன். கரையிலிருந்து கொஞ்சம் விலகியதும் காகம் எழும்பிப் பின்னால் வந்தது. அதைக் கண்டதும் ஆலாக்கள் அத்தனையும் எழும்பின. கடலுக்கு மேலே காகம் தனித்துப்போயிற்று அல்லவா, ஒளிக்க இடமில்லை. இவ்வளவு நாள் பட்டதை எல்லாம் சேர்த்துக் கொடுத்தன. வெள்ளை வெள்ளையாய் வந்து விழுந்து, துரத்தி, திட்டியின் எல்லைவரை கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் போயின. என்னால் வாய்விட்டுச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

பாதிக் கடல் தாண்டியிருப்போம். திட்டி பின்னால் ஒரு கோடாகிவிட்டது, கரைப் பனைகள் முன்னால் இன்னும் தெரியவில்லை. சோளகம் பக்கவாட்டில் மோதி அடித்தது. காகம் களைத்துப்போய்த் தாழப் பறந்தது. படகுக்கு நேரே வரும், இயந்திரச் சத்தத்துக்கு வெருண்டு விலகும். ஒரு கட்டத்தில் ஒரு வட்டம் போட்டு, தலையைத் திட்டிப் பக்கம் திருப்பியது.

"அண்ணை, எஞ்சினை நிப்பாட்டுங்கோ!"

நிறுத்தினேன். அவள் சட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "கா... கா..." என்றாள். காற்று குரலை அடித்துக்கொண்டு போனது. மீனைத் தூக்கிக் காட்டினாள். காகம் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தது. போய்ச் சேர்ந்தால் மிச்சக் குஞ்சுகளும் அதன் வாய்க்குத்தான். சேராவிட்டால் கடலில் விழுந்து சாகும். அவள் மறுபடியும் கூப்பிட்டாள். அது இன்னும் சின்னதாகிவிட்டது.

அப்போது அவள் சட்டியைக் கீழே வைத்தாள். இரண்டு கையையும் வாய்க்குக் குவித்துக்கொண்டு, அந்த ஒரு வருடமும் அடைத்து வைத்திருந்த குரல் முழுவதையும் எடுத்துக் கத்தினாள்.

"இஞ்சாருங்கோ! இஞ்சாலை வாங்கோ! நிண்டது காணும், வாங்கோ! வீட்டை போவம்!"

வீட்டில் குகனை அவள் கூப்பிடுகிற கூப்பாடு அது. படகில் நான் இருக்கிறேன் என்பது அவளுக்கு மறந்துபோயிற்று. கடலைப் பார்த்து, எந்தக் கடல் அவனை வைத்துக்கொண்டதோ அதைப் பார்த்துக் கத்தினாள். "இஞ்சாருங்கோ, உங்களைத்தான்! எவ்வளவு நாளைக்கு உதிலை நிப்பியள்? வாங்கோ!"

நான் செபம் சொன்னேன். காகத்துக்காகச் செபம் சொன்ன வேதக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

அது திரும்பியது. பதைபதைத்து, அலையைத் தொட்டுத் தொட்டு வந்து, படகு விளிம்பில் காலைக் குத்தி ஏறி, அவளுக்குப் பக்கத்தில் சொண்டைப் பிளந்துகொண்டு இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. சட்டியை மட்டும் அதன் பக்கம் நகர்த்தி வைத்தாள். அது சாப்பிடத் தொடங்கியதும், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரைப் பக்கம் திரும்பி இருந்தாள்.

"இனி விடுங்கோ அண்ணை," என்றாள். "மெதுவா விடுங்கோ. இவரை வீட்டை கொண்டுபோவம்."